கல் இல்லாத மண்ணில் வேட்டைக்கறி: டெல்டாவில் ஆறு நாள்

பிப்ரவரி 4, செவ்வாய் – வல்லம்

கரம்பையர் என்று ஒரு மக்கள் இந்த மண்ணில் இருந்ததே இல்லை. ஒரு படக்கதைக்காகக் கூட்டாக உட்கார்ந்து இட்டுக்கட்டிய பெயர் அது. 3,500 ஆண்டுகளுக்கு முன், காவிரியின் கிளையாறுகளுக்கு நடுவே ஒரு மேட்டுத்திடல். நாற்பது பேர். மண்பானை உண்டு, கொஞ்சம் நெல் உண்டு, இரும்பு கிடையாது. அவர்கள் எதை வேட்டையாடினார்கள், எதைக்கொண்டு அறுத்தார்கள், எதில் வேகவைத்தார்கள் என்று எழுதும் இடத்தில் கதை நின்றுபோயிற்று. ஓவியர் முதல் படத்திலேயே முழு மானைக் கழியில் கோத்து, ஆளுயர நெருப்பில் சுழலவிட்டிருந்தார். டெல்டாக்காரர் யார் பார்த்தாலும் அடுத்து கேட்பது இதுதான்: அவ்வளவு விறகு ஏது? அடுப்புக் கூட்டக் கல் ஏது?

அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மான், காட்டுப்பன்றி, முயல், உடும்பு, வயலாமை, கௌதாரி, நீர்ப்பறவைகள் எல்லாமே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. கொல்வதும் வாங்குவதும் தின்பதும் குற்றம். அதனால் செய்து பார்த்தவை எல்லாம் மாற்றுக் கறியில்தான்: மானுக்குக் கொழுப்பில்லாத வெள்ளாட்டுத் தொடை, நீர்ப்பறவைக்கு நாட்டு வாத்து. ஆமைக்கும் உடும்புக்கும் மாற்று கிடையாது. அவை கணக்கில் மட்டும் வரும்.

டெல்டாவில் எவ்வளவு தோண்டினாலும் வண்டலும் மணலும்தான். கையளவு கல் வேண்டுமென்றால் தஞ்சாவூருக்குத் தென்மேற்கே ஏற வேண்டும். வல்லத்து மேடு அங்கேதான் தொடங்குகிறது. செம்புறாங்கல் தரை, காலை ஒன்பது மணிக்கே செருப்பைத் தாண்டிச் சூடு. செம்புறாங்கல்லில் கத்தி எடுக்க முடியாது, உதிரும். அடுப்புக்கல்லாக வைக்கலாம் என்றால், அதன் ஓட்டைகளில் ஈரம் தங்கியிருந்தால் நெருப்பில் வெடிக்கும். வேண்டியது இன்னொன்று: வல்லத்துக் கல். அந்தக் காலத்தில் மூக்குக்கண்ணாடிக்குத் தேய்த்த பளிங்கு அதுதான். டீக்கடைக்காரர் கேட்காமலேயே சொன்னார்: “எங்க தாத்தா வல்லத்துக் கல்லு கண்ணாடிதான் சார் போட்டிருந்தாரு. கண்ணுக்குக் குளிர்ச்சி.” டீ 12 ரூபாய். கூட ஒரு வடையைத் தட்டில் வைத்துவிட்டு, “ருசி பாருங்க” என்று காசு வாங்க மறுத்தார்.

பளிங்கை உடைப்பதற்கு ஒரு முறை உண்டு. கூழாங்கல் அளவுத் துண்டைத் தட்டையான கல்மேல் நிறுத்திப் பிடித்து, உச்சியில் இன்னொரு கல்லால் நேராக அடிக்க வேண்டும். மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே நேரத்தில் விசை பாய்ந்து சுளை சுளையாகப் பிரியும். சாய்த்து அடித்தால் பொடியாகும். பத்து அடியில் மூன்று சில்லு தேறினால் நல்ல கை. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆனால் விளிம்பு பிளேடு. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. சில்லு எங்கே தெறிக்கும் என்று சொல்லவே முடியாது. இன்று ஒருவர் கட்டைவிரலில் மூன்று பிளாஸ்திரி.

சில்லை வெறும் விரலில் பிடித்து அறுக்க முடியாது. தேன்மெழுகு இரண்டு பங்கு, குங்கிலியம் ஒரு பங்கு, இடித்த கரி ஒரு பங்கு சேர்த்து உருக்கி, பிளந்த மூங்கில் நுனியில் நான்கு சில்லுகளை வரிசையாகப் பதித்தால் அரிவாள்மணை விளிம்பு மாதிரி வரும். கரி குறைந்தால் வெயிலில் மெழுகு இளகிச் சில்லு விழுந்துவிடும். தோல் உரிக்காத ஆட்டுத் தொடையில் சோதித்தோம். தோலைக் கீறுவதும் சதையைப் பிரிப்பதும் இரும்புக் கத்திக்குச் சமம். மூட்டில் மட்டும் விடக்கூடாது, எலும்பில் பட்டதும் விளிம்பு போய்விடுகிறது. மூட்டைத் திருகித்தான் கழற்ற வேண்டும்.

மாலையில் தஞ்சாவூரில் இரண்டு கிலோ எலும்பில்லாத கறி. எலும்போடு 850 ரூபாய், எலும்பெடுத்தால் தனி விலை என்று கடைக்காரர் கறாராகச் சொன்னார். விரல் கனத்துக்கு நீளவாக்கில் வார்ந்து, கிலோவுக்கு 60 கிராம் உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் பிசிறி, கயிற்றில் கோத்தாயிற்று. ஒரு கிலோ தங்கிய வீட்டு மொட்டைமாடியில். இன்னொரு கிலோ எங்களோடு வரும், போகும் ஊரிலெல்லாம் காயும். கடலோரக் காற்றில் உப்புக்கண்டம் காயுமா என்பதுதான் கேள்வி.

பிப்ரவரி 5, புதன் – செம்பியன்கண்டியூர், மயிலாடுதுறை

காலைப் பனி எட்டரை வரை விலகவில்லை. மாடியில் விட்டுவந்த கயிறு நனைந்திருக்குமே என்ற கவலை. வீட்டுக்கார அம்மா போனில், “ராத்திரியே உள்ள எடுத்து வச்சிட்டேன். பனியில யாராச்சும் கண்டத்த விடுவாங்களா?” என்றார். உப்புக்கண்டத்தின் முதல் விதி அது. வந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

செம்பியன்கண்டியூரில் பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும் போகாமல் இருக்க முடியாது. 2006-ல் இங்கே பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் கன்று நடக் குழி வெட்டியபோது மெருகேற்றிய கற்கோடரிகள் இரண்டு கிடைத்தன. அவற்றில் ஒன்றில் உள்ள கீறல்கள் சிந்துவெளிக் குறியீடுகள் என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் சொன்னார். ஒப்பாதவர்களும் உண்டு. அந்த வாதம் இங்கே வேண்டாம். வேட்டைக் கணக்குக்கு முக்கியமானது வேறு: கல்லே இல்லாத மண்ணில் ஒரு கல். யாரோ எங்கிருந்தோ தூக்கிவந்தது. கரம்பையரிடம் ஒரு கோடரி தொலைந்தால் அடுத்ததற்குப் பல நாள் நடை என்று குறித்துக்கொண்டோம். அப்படியானால் தினசரி அறுப்புக்கு மூங்கில் சீவலும் சிப்பியும்தான்.

சம்பா அறுவடை முடிந்த வயல். வரப்போரம் எலி பிடிக்கும் பெரியவர் ஒருவரும் அவர் மருமகனும். இந்த ஊர்களில் மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டிய வில் பொறிக்குத் ‘தஞ்சாவூர் கிட்டி’ என்று பெயர். பிளந்த மூங்கில் வில், நடுவில் ஒரு நாக்கு, நாக்கடியில் வறுத்த அரிசிமாவு. எலி மாவைத் தொட்டதும் நாக்கு விலகி வில் கழுத்தில் அடிக்கும். பொழுது சாய வைத்து விடியலில் எடுப்பார்கள். கூலி எலிக்கு 20 ரூபாய், வாலை எண்ணிக் கணக்கு.

தின்பதற்கு மட்டும் கிட்டி எலி ஆகாது என்றார் பெரியவர். “அது ராத்திரி எத்தன மணிக்கு விழுந்துதோ, யாரு கண்டா? வயிறு பச்சயாயிருந்தா அப்படியே பொதைச்சிடணும் தம்பி.” தின்கிற எலி வெட்டி எடுத்த எலி. வளைவாயில் புதுமண் குவிந்து, வாய் மூடியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. எல்லா வாயையும் சேற்றால் அடைத்து ஒன்றை மட்டும் விட வேண்டும். அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோல் திணித்துக் கொளுத்தி, வாயை வளையோடு பொருத்தி, ஓட்டை வழியே ஊத வேண்டும். ஐந்து நிமிடத்தில் மயங்கிவிடும். பிறகு மண்வெட்டி. இரண்டு அடிக்குள் நெல் அறை வரும். இன்று மூன்று வளையில் ஏழு எலி, இரண்டு படிக்குக் குறையாத நெல். கதிரோடு அறுத்து அடுக்கியிருந்தது, கைதேர்ந்த ஆள் கட்டிய கட்டு மாதிரி.

கரம்பையருக்கு இதைவிட நல்ல வேட்டை எங்கே கிடைக்கும்? கறியும் அரிசியும் ஒரே குழியில். அதுவும் தை, மாசியில். ஒரு போகம் முழுக்க நெல் தின்ற எலிக்குத் தோலுக்கடியில் வெள்ளைக் கொழுப்பு கட்டியிருக்கிறது. மானில் இது கிடையாது. வேட்டைக்கறியில் எப்போதும் குறைவது கொழுப்புதான். மெலிந்த சதையை மட்டும் நாள்கணக்கில் தின்றால் வயிறு நிறைந்தும் உடம்பு தேறாது. எலிக்கொழுப்பை ஓவியர் படத்தில் காட்ட முடியாது, ஆனால் திடலுக்கு உயிர் அதில்தான்.

சுத்தம் செய்யும் முறை: வைக்கோல் தீயில் ஒரு நிமிடம் புரட்டினால் மயிர் பொசுங்கும். மூங்கில் சீவலால் சுரண்டி, மறுபடி அரை நிமிடம். வால், பாதம், தலை நீக்கி, அடிவயிற்றை மேலாகக் கீறி, குடலைக் கிழியாமல் ஒரே உருண்டையாக வெளியே இழுக்க வேண்டும். கிழிந்தால் அந்த நாற்றம் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் போகாது. ஈரலும் இதயமும் வைத்துக்கொள்ளலாம். உப்பு, மஞ்சள், இடித்த மிளகு. பச்சை மூங்கில் குச்சியில் கோத்துக் கங்குமேல் கால் மணி நேரம். தீ நாக்கு பட்டால் தோல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். தொடைச் சதை நார் நாராக இல்லை, வழுக்கிக்கொண்டு வருகிறது. சொட்டிய கொழுப்பில் பச்சரிசி வறுத்த வாசம்.

எலி மருந்து வைத்த வயலில் ஒரு எலியையும் தொடக்கூடாது. கையில் கீறல் இருந்தாலும் தொடக்கூடாது, எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியவர் இன்று வேடிக்கை மட்டும் பார்த்தார்.

பணம் கொடுக்கப் போனபோது பெரியவருக்கு வருத்தம். “சாப்பிட உக்காந்தவங்ககிட்ட காசா?” கடைசியில் மருமகன் கையில் கூலியாக வைத்துவிட்டு வந்தோம்.

மாலையில் அதே வயலின் கரம்பை மண்ணை எலுமிச்சம்பழ அளவில் நாற்பது உருண்டை பிடித்தாயிற்று. ஏன் என்பது நாளைக்கு.

பிப்ரவரி 6, வியாழன் – பூம்புகார்

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்படுகையில் பாவர்ட்டி பாயின்ட் என்று ஒரு தொல்லிடம் இருக்கிறது. இந்தக் கரம்பையரின் காலத்தையொட்டியது. அங்கேயும் கல் கிடையாது. அதனால் மண்ணை உருட்டிச் சுட்டு, அந்த உருண்டைகளைச் சூடாக்கிக் குழியடுப்பில் கல்லுக்குப் பதில் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. துருக்கியில் சாட்டல்ஹோயூக்கிலும் மண் உருண்டைகள் உண்டு. வண்டல் மண்காரர்களுக்கு எங்கேயும் ஒரே யோசனைதான் போல.

ஆகவே பூம்புகாருக்கு அருகே ஒரு தோப்பில், அனுமதி கேட்டு, குழியடுப்பு. இரண்டு அடி ஆழம் திட்டம். ஒன்றே முக்கால் அடியில் தண்ணீர் வந்துவிட்டது. தோப்புக்காரர் கரையில் நின்று சிரித்தார்: “கெணறு வெட்டணும்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே.” அவ்வளவுதான், கரம்பையரிடமிருந்து குழியடுப்பையும் குழிப்பொறியையும் ஒரே அடியில் பறித்தாயிற்று. தரைக்கு மேலேதான் எல்லாம்.

மேலே அடுக்கி நெருப்பு மூட்டினோம். இருபதாவது நிமிடம் முதல் உருண்டை வெடித்தது. பிறகு தீபாவளி. நாற்பதில் பதினொன்று மிஞ்சியது. தவறு இரண்டு: ஒரு நாள்கூடக் காயாத உருண்டை, அதுவும் வெறும் களிமண். உள்ளே நின்ற ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் பிளந்துவிட்டது. திரும்பும் வழியில் மண்பாண்டம் செய்யும் அம்மா ஒருவரிடம் மிஞ்சியதைக் காட்டியபோது, விரலால் ஒன்றை நசுக்கிப் பார்த்து, “உமி போடலியா?” என்றார். நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உமி. சூட்டில் உமி எரிந்து நுண்துளை விட்டுவிடும், ஆவிக்கு அதுதான் வாசல். நிழலில் ஐந்து நாள், வெயிலில் இரண்டு நாள், அப்புறம்தான் நெருப்பு. “அவ்வளவு நாள் இல்லன்னா இத எடுத்துட்டுப் போங்க” என்று சூளையோரம் கிடந்த உடைந்த பானை ஓடுகளை ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார். ஏற்கெனவே சுட்டது, இனி வெடிக்காது. பானை உடைந்தால் ஓடு அடுப்புக்கல். இந்தத் தீர்வு எந்தக் குறிப்பேட்டிலும் இல்லாதது, கதைக்குள் அப்படியே போகிறது. சாக்குக்கு 50 ரூபாய்.

மதியம் சோறும் நண்டுக் குழம்பும், 180 ரூபாய். நண்டை உடைக்கத் தெரியாமல் தடுமாறியவருக்குப் பரிமாறிய அக்கா கேட்காமலேயே ஓட்டை நெறித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பட்டினப்பாலையில் இதே கடற்கரைக்காரர்கள் கடல் இறாலைச் சுட்டும், வயலாமையைப் புழுக்கியும் தின்கிறார்கள். கரம்பையர் அதற்கும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் முந்தியவர்கள், ஆனால் ஆமைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தண்ணீர் வற்றினால் வயலாமை சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும். சித்திரையில் காய்ந்த குட்டைத் தரையைக் குச்சியால் குத்திக்கொண்டே போனால் ஓடு தட்டுப்படும். துரத்த வேண்டாம், வில் வேண்டாம். பானைகூட வேண்டாம்: கங்கில் மல்லாத்தி வைத்தால் ஓடே சட்டி, கொழுப்பு அதிலேயே தங்கும். மீனும் பறவையும் குறைகிற கோடைக்கு இதைவிடச் சரியான சரக்கு இல்லை. இன்று அது சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் இருக்கும் உயிர், ஆகவே இந்தப் பத்தி வெறும் பேனா வேலை.

எங்களோடு வந்த கண்டம் மாலையில் கையில் ஒட்டியது.

பிப்ரவரி 7, வெள்ளி – கோடியக்கரை, வேதாரண்யம்

காற்று. வேறொன்றும் சொல்வதற்கில்லை. தொப்பி ஒன்று உப்பளத்தில் போய் விழுந்தது.

கோடியக்கரை சரணாலயம் 1967-ல் அறிவிக்கப்பட்டது. புல்வெளியில் வெளிமான் கூட்டம், ஆண் கறுப்பு, பெண் பழுப்பு. கிடாய் முறுக்கிய கொம்போடு தலையைத் தூக்கி நிற்கிறது. ஓவியர் இதைத்தான் வரைந்திருந்தார். கணக்குப் போட்டால் படம் கலைந்துவிடும். 40 கிலோ கிடாயில் எலும்போடு கறி 22 கிலோ தேறும். நாற்பது பேர் திடலில் ஆளுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு ராத்திரி, முடிந்தது. சேமிக்க ஒன்றும் மிஞ்சாது. மான் அடித்த நாள் விருந்து நாள், அவ்வளவே. சேமிப்பு என்ற தலைவலியே காட்டுப்பன்றியில்தான் ஆரம்பம்: 90 கிலோ, விரல் கனக் கொழுப்பு, ஒரே இரவில் தீராது, மறுநாள் நாறும்.

இந்த வெக்கையில் எது முதலில் கெடும் என்பதில்தான் வேட்டைக்காரரின் அறிவு. மேற்சதை காற்றில் காய்ந்து பொறுக்கு கட்டிக் கொஞ்சம் தாங்கும். தொடை எலும்பைச் சுற்றிய ஆழச்சதைதான் முதலில் போகும், குறிப்பாக இடுப்பு மூட்டில். செத்த பிறகும் உடம்புச் சூடு அங்கேதான் தங்குகிறது. வெளியே பார்க்கச் சிவப்பாக இருக்கும், வெட்டினால் பச்சை பாய்ந்து புளித்த வாடை. அதனால் குடலை எடுத்த கையோடு தொடையை உள்பக்கமாக எலும்பு வரை நீளக் கீறி, குச்சி வைத்து விரித்துக் காற்றாட விட வேண்டும். ஈரலும் குடலும் அந்த மணி நேரத்திலேயே அடுப்புக்கு. ரத்தம் பானைக்கு. தொடை கடைசி. முதலில் தொடையைத் தின்னும் வேட்டைக்காரர் படத்தில்தான் இருப்பார். பன்றி என்றால் இன்னொன்றும் உண்டு: நடுவில் சிவப்பு துளி தெரிந்தாலும் தின்னக்கூடாது, சதையில் தங்கிய இளம்புழு வயிற்றுக்குள் போகும்.

நாடோடிக் கண்டம் இன்று முடிந்தது. கயிறு மடிந்து இரண்டு துண்டு ஒட்டியிருந்த இடங்களில் பிசுபிசுப்பு, ஒன்றில் வெள்ளைப் பூசணம். உப்பு கறியின் ஈரத்தை வெளியே இழுத்துக்கொண்டு வர, கடற்காற்று அந்த ஈரத்தைப் போகவிடாமல் பிடித்துவைத்துவிட்டது. கொழுப்பு ஓரமெல்லாம் சிக்கு வாடை. நாய்க்கும் போடாமல் புதைத்தோம்.

வேதாரண்யம் உப்பளத்தில் வேலை முடித்துக் கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் கதையைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “உப்பு ஊர்ல வந்து உப்பு பத்தாம கெட்டுப்போச்சுன்னா வெளியில சொல்லாதீங்க.” 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய கடற்கரை இது. கேலிக்கு நியாயம் உண்டு. அவர் சொன்ன வழி: பிசிறுவதெல்லாம் உள்ளூருக்கு; கடலோரத்தில் புதைக்கணும். கல்லுப்பை அடியில் ஒரு விரல் உயரம் பரப்பி, கறியை ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மேலே மூடி, சாய்ந்த பலகையில் வைத்தால் நீர் வடிந்துகொண்டே இருக்கும். ஒரு ராத்திரி. பிறகு உதறிவிட்டுக் காயப்போடலாம். கடையில் ஒரு கிலோ கறி வாங்கி அப்படியே செய்தோம். உப்பு அவர் கொடுத்தது, விலை இல்லை. கரம்பையர் திடலை இரண்டு மைல் கிழக்கே, உப்பு பூக்கும் களர் நிலத்துக்குப் பக்கமாக நகர்த்தியாயிற்று.

பிப்ரவரி 8, சனி – முத்துப்பேட்டை

படகுக்கு அனுமதிச்சீட்டு எடுப்பதில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. சீட்டு கொடுக்க வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் மறந்துபோகிறது. படகுக்காரர் வழியெல்லாம் பறவைப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார்: கூழைக்கடா, நாமக்கோழி, உள்ளான், சிறகி. ஒன்றுக்குக்கூடத் தயங்கவில்லை.

நீர்ப்பறவைதான் ஐப்பசி முதல் மாசி வரை கரம்பையரின் தினப்படிக் கறி. சிறகி அரைக் கிலோ, இருவருக்கு ஒரு வேளை. ஆனால் சமையலில் இரண்டு தொல்லை. வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, அதை ஆழமாகக் கிள்ளி எறியாவிட்டால் கறி முழுக்க வாடை. மீன் தின்னும் பறவை என்றால் தோலையும் உரித்துவிட வேண்டும், நாற்றம் தோல்கொழுப்பில் நிற்கும். இன்னொன்று இறகு. கோழி மாதிரி வெந்நீரில் முக்கினால் வராது, எண்ணெய் பூசிய இறகில் தண்ணீர் ஒட்டாது. அதே வெந்நீரில் இரண்டு கை சாம்பல் கரைத்தால் எண்ணெய் விடும். 480 ரூபாய் நாட்டு வாத்து ஒன்றை இப்படிச் செய்தோம். இன்னொன்று இறகோடு.

இறகு பிடுங்காமலே ஒரு வழி. குடலை எடுத்து, உள்ளே உப்பும் உமரிக்கீரையும் திணித்து, இரண்டு விரல் கனத்துக்கு உமி கலந்த சேறு பூச வேண்டும். தரைமேல் பானை ஓடுகளைப் பரப்பிப் பனைமட்டை நெருப்பில் ஒரு மணி நேரம் பழுக்கவைத்து, கரியைத் தள்ளி, ஓட்டின்மேல் சேற்று உருண்டையை வைத்து, மேலும் ஓடு, மேலே மண் மூட்டம். இரண்டரை மணி நேரம். சேறு உடையும்போது இறகும் தோலும் சேர்ந்தே கழன்று வந்துவிட்டன. உள்ளே சதை ஆவியில் வெந்து, உமரியின் உப்புப் புளிப்போடு. ஒரு பக்கம் சேறு விரிசல் விட்டுக் கொழுப்பு ஒழுகி எரிந்து அந்த இடம் மட்டும் கரி. பூசிய பிறகு கால் மணி காயவிட்டு இரண்டாம் பூச்சு பூசியிருந்தால் விரிசல் வந்திருக்காது. சீமைக்கருவேல விறகு ஊர் முழுக்கக் கிடந்தும் தொடவில்லை. அது நேற்று வந்த மரம். மிளகாயும் தக்காளியும் இல்லாததை விடச் சீமைக்கருவேல் இல்லாமல் சமைப்பதுதான் கஷ்டம்.

இரவில் உப்பில் புதைத்த கறியை உதறி, இடுப்புயரப் பந்தலில் தொங்கவிட்டு, கீழே காய்ந்த அலையாத்திக் குச்சிப் புகை. படகுக்காரர் வீட்டில் முறித்துவைத்திருந்த விறகு, ஒரு கட்டு 100 ரூபாய். தீ எழும்பக்கூடாது, எழும்பினால் மேற்புறம் வெந்து உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். ஈரத் தழை போட்டுப் போட்டு நான்கு மணி நேரம். கொசுவும் வரவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு – தஞ்சாவூர் திரும்பும் வழி

மதியம் வரை வெயிலில் காயவைத்து முடிச்சுக் கட்டினோம். நிறுத்துப் பார்த்ததில் ஒரு கிலோ கறி 410 கிராமாக வற்றியிருந்தது, இன்னும் இரண்டு நாள் வெயில் பாக்கி. மாடியில் விட்டது 330 கிராமாம், வீட்டுக்கார அம்மா போனிலேயே சொல்லிவிட்டார். ஒரு துண்டை வறுத்தும் பார்த்திருக்கிறார். “மஞ்சள் கொஞ்சம் கூடிப்போச்சு.”

பேருந்தில் ஏறியதும் நடத்துனர் மூக்கைச் சுளித்துப் பையைக் கடைசி இருக்கைக்கு அடியில் தள்ளச் சொன்னார். மன்னார்குடி தாண்டும் வரை பக்கத்து இருக்கைப் பாட்டி ஒன்றும் பேசவில்லை. பிறகு குனிந்து பையை ஒரு முறை முகர்ந்தார்.

“கருவாடு இல்லியே இது. ஆட்டுக்கண்டமா?”

“ஆமாங்க பாட்டி.”

“பொக போட்டிருக்கு.” மறுபடி முகர்ந்தார். “எங்க அம்மா அடைமழைக்கு இப்படித்தான் போடும். கொழுப்ப வாரிட்டீங்களா?”

வாரிவிட்டோம் என்றதும் தலையை ஆட்டி, முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலையை எடுத்தார்.